முத்து முத்தாய் நிற்கும் தண்ணீர்

கார் பெயின்ட் மேல் அடிக்கிற ஸ்ப்ரே சீலன்ட் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பாட்டிலில் இருக்கும் படம் ஒன்றுதான். கறுப்பு பானெட், அதன் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும் தண்ணீர். விற்பவர் அதைத்தான் காட்டுகிறார், வாங்குபவரும் அதைத்தான் தேடுகிறார். அடித்துத் துடைத்த கையோடு ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்ப்பது, துளி உருண்டால் ‘மருந்து நல்லா புடிச்சிருக்கு’ என்று திருப்திப்படுவது, அப்புறம் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவது. திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் அத்தானும் இந்தக் கட்சிதான். போன கோடையில் அவருடைய கறுப்பு காரின் பானெட் முழுக்க வெள்ளை வளையங்கள் விழுந்தன. அதைப் பற்றி எங்கள் இருவருக்கும் நடக்கும் வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. பாட்டிலில் இருந்தது போலிச் சரக்கு என்கிறார் அவர். போலி எல்லாம் இல்லை, படத்தில் காட்டிய வேலையை அது ஒழுங்காகச் செய்தது, வினையே அதுதான் என்கிறேன் நான்.

நான் ஏன் இந்த ஸ்ப்ரேயோடு மல்லுக்கட்டுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பளபளப்புக்காக இல்லை. என் வண்டி வெள்ளை. வெள்ளை வண்டியில் பளபளப்பு கூடினாலும் குறைந்தாலும் ரோட்டில் போகிற யாருக்கும் தெரியாது. சொந்தக்காரனுக்கே சாயங்கால வெயிலில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். நான் அடிப்பது கழுவுவதற்காக. கழுவும்போது குறைவாகத் தேய்க்கவேண்டும் என்பதற்காக.

பூச்சி, எச்சம், உமிச்சாம்பல்

ஐப்பசி, கார்த்திகையில் இருட்டின பிறகு மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ரெண்டு பக்கமும் வயல், வயல் நிறையத் தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளிச்சம் என்றால் நம் ஹெட்லைட் மட்டும்தான். பச்சைத் தத்துப்பூச்சியில் ஆரம்பித்து பெயர் தெரியாதவை வரை வயலில் உள்ள அத்தனையும் நம்மைத் தேடி வரும். வீடு வந்து சேரும்போது முன் பம்பர், நம்பர் பிளேட், பானெட்டின் மூக்கு எல்லாம் ஒரே பூச்சி மயம். களைப்பில் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் மத்தியானம் போய்த் துடைத்துப் பாருங்கள். பூச்சியின் சாறு வெயிலில் காய்ந்து இறுகியிருக்கும். நகம் போட்டால்தான் வரும், வந்தாலும் அடியில் ஒரு மங்கல் தடம் விட்டுப் போகும். பறவை எச்சம் இதற்கு மேல். எங்கள் தெருமுனைப் புளியமரத்தில் மடையானும் கொக்கும் அடைகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிற பகுதி யூரிக் அமிலம். அதை வெயிலில் ஒரு பகல் காயவிட்டால் பெயின்ட்டின் மேல்தோலை அரித்துவிடும், பிறகு எவ்வளவு கழுவினாலும் அந்த வடிவம் அங்கேயே இருக்கும்.

இவையாவது எல்லா ஊரிலும் உள்ளவை. டெல்டாவுக்கே உரியது உமிச்சாம்பல். நவீன அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற பாய்லருக்கு உமியைத்தான் எரிக்கிறார்கள். காற்று திரும்பும் திசையில் எந்தத் தெரு இருக்கிறதோ அந்தத் தெருவின் மொட்டை மாடி, கொடியில் காயும் துணி, நிற்கும் கார் எல்லாவற்றின் மேலும் கறுப்பாகப் பொடி விழும். பார்க்க லேசாக, ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கும். உடனே கை பழைய வேட்டித் துணியைத் தேடும், வறட்டுத் துணியால் பானெட்டை ஒரு இழு இழுக்கும். நம் தாத்தாக்கள் உமிக்கரியால்தான் பல் விளக்கினார்கள், பாத்திரத்தையும் அதில்தான் தேய்த்தார்கள். கறையைச் சுரண்டி எடுக்கும் சொரசொரப்பு அதில் இருந்ததால்தான் அந்த வேலைக்கு அது உதவியது. அதே பொருளை வைத்து வண்டியை வறட்டுத் துணியால் தேய்த்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் இதோடு நெல் சுணையும் சேர்ந்துகொள்ளும். தையிலும் மாசியிலும் பாதி ரோட்டில் நெல் காயும், மிஷின் அறுக்கிற வயலில் இருந்து எழும் தூசி புகையாக ரோட்டைக் கடக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு நாம் தப்பித்துவிடலாம். பெயின்ட் எங்கே போகும்?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை வஞ்சனையில்லாமல் உறிஞ்சும் பயிர். வயலில் இறங்கினால் தோகை காலை அறுப்பதற்கும் சுணை உடம்பெல்லாம் அரிப்பதற்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு சிலிக்காதான். இப்போது வரும் ‘செராமிக்’ ஸ்ப்ரே பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால் அங்கேயும் பெருமையாகப் போட்டிருப்பது சிலிக்காதான். அரிசி ஆலை வானத்திலிருந்து இலவசமாகப் போடுவதும், நாம் காசு கொடுத்து வாங்கி அடிப்பதும் சிலிக்கான் என்ற ஒரே தனிமத்தின் உறவுக்காரர்கள். ஒன்று கீறுகிறது, இன்னொன்று காக்கிறேன் என்கிறது.

காக்கிறேன் என்பதையும் அளந்துதான் நம்ப வேண்டும். கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட் அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் பக்கம் வரும். பளபளப்பைத் தருகிற கிளியர் கோட் அதில் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். நாம் கையால் அடிக்கிற ஸ்ப்ரே காய்ந்து நிற்கும்போது ஒரு மைக்ரான்கூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு கல் அடிக்கும், கீறல் விழாது, பக்கத்து வண்டிக் கதவு இடிக்காது என்று எதிர்பார்ப்பது வீண். ‘9எச்’ என்று பாட்டிலில் போடுவார்களே, அது ஓவியப் பென்சில் வரிசையில் கடினமான கோடியில் நிற்கும் பென்சில். அந்தப் பென்சிலால் கோடு போட்டால் பூச்சு கீறாது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. மணலுக்கு அந்தப் பென்சில் எல்லாம் ஒரு பொருட்டே அல்ல.

அப்படியென்றால் எதற்கு அடிக்கிறோம்? பூச்சியும் எச்சமும் சாம்பலும் நேராகக் கிளியர் கோட்டில் ஒட்டாமல் இந்த மெல்லிய படலத்தில் ஒட்டும். தண்ணீர் பட்டதும் பிடியை விடும். அழுத்தித் தேய்க்கும் வேலை மிச்சம். வண்டி பழசாகத் தெரிவது வயதால் வருவதைவிட, கழுவுகிறோம் என்ற பெயரில் நாம் தேய்க்கும் தேய்ப்பால் வருவதுதான் அதிகம் என்பது என் கட்சி. வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகிறதே, அதெல்லாம் மணல் ஒட்டிய துணி போட்ட கோலம். இவ்வளவுதான் ஸ்ப்ரேயின் வேலை. இதற்கும் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதற்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை.

கையால் அடிப்பது

ஸ்ப்ரே அடிப்பது சுலபம். அதற்கு முன்னால் உள்ளதுதான் வேலை. முதலில் வெறும் தண்ணீரை நிறைய விட்டு மண்ணையும் சாம்பலையும் இறக்கிவிட வேண்டும், அதுவரை துணியே படக்கூடாது. அப்புறம் கார் ஷாம்பூ. பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகவே செய்யப்பட்ட அது முன்பு போட்டிருந்த வேக்ஸ், சீலன்ட் எதையும் மிச்சம் வைக்காது. ரெண்டு வாளி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டுத்தான் ஷாம்பூவுக்குத் திரும்ப வேண்டும். வேலை முடிந்ததும் அந்த ரெண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் வண்டல் இல்லாவிட்டால் பானெட்டின் மேல்தான் அரைபட்டிருக்கும்.

கழுவித் துடைத்த பிறகு ஒரு சோதனை. மெல்லிய பாலித்தீன் பையை, கடையில் காய்கறி கட்டித் தருவார்களே அதை, கையில் உறை மாதிரி மாட்டிக்கொண்டு பானெட்டில் விரலை லேசாக ஓட்ட வேண்டும். வெறும் கைக்கு வழவழவென்று இருந்த இடம் பைக்குள் இருந்து தடவும்போது உப்புத்தாள் மாதிரி நரநரக்கும். ஒட்டிக்கொண்டு கழுவலுக்கு வராத துகள்கள் அவை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தினமும் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இரும்புத் துகள் இன்னும் கூடுதலாக இருக்கும். இதற்கென்று விற்கிற களிமண் கட்டி ஒன்று இருக்கிறது. பிசைந்து தட்டையாக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் ஓட்டினால் அத்தனையையும் வாங்கிக்கொண்டு வரும். இதைச் செய்யாமல் மேலே சீலன்ட் அடித்தால் அழுக்குக்கு மூடி போட்டுவிட்டோம் என்று பொருள்.

இனி ஸ்ப்ரே. தகடு ஆறியிருக்க வேண்டும். உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது. எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்தால் உண்டு, இல்லாவிட்டால் சாயங்காலம் நிழல் விழுந்த பிறகு. சூட்டில் அடித்தால் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். மார்கழியில் வேறு தொந்தரவு. விடியற்காலைப் பனியில் தகடு முழுக்க ஈரம், காற்றிலும் ஈரம், அடித்தது சீக்கிரம் இறுகாமல் எண்ணெய் பூசிய மாதிரி இழுபடும். வெயில் ஏறிப் பனி உலர்ந்து, ஆனால் தகடு சுடாமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கதவு, அல்லது பானெட்டில் பாதி. பாட்டிலை நன்றாகக் குலுக்கி ரெண்டு அழுத்து, அவ்வளவுதான். காற்று அடிக்கிற நாளில் நேராகத் துணியிலேயே அடித்துக்கொள்வது உத்தமம், இல்லாவிட்டால் பாதி பக்கத்து வீட்டுத் துளசிச் செடிக்குப் போகும். மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காகப் பரப்ப வேண்டும். பரப்பும்போது தகட்டின் மேல் வானவில் மாதிரி ஒரு மங்கல் ஓடி, துணிக்குப் பின்னாலேயே மறைந்துகொண்டு வரும். அது மறைவதற்கும் முழுக்கக் காய்வதற்கும் இடையில் இன்னொரு உலர்ந்த துணியால் லேசாக ஒரு துடைப்பு. இந்த இடத்தில் கை பழக வேண்டும். அடித்தது அதிகமானால் எவ்வளவு துடைத்தாலும் மங்கல் போகாது. ‘நல்லா ஊற அடிடா’ என்பதுதான் நம் ஊர் வழக்கம், தலைக்கு எண்ணெய் ஆனாலும் சரி, வண்டிக்கு கிரீஸ் ஆனாலும் சரி. இதில் அது எடுபடாது. முன் கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மழையில் வைப்பர் தத்தித் தத்தி ஓடும். முடித்த பிறகு ஒரு ராத்திரியாவது ஈரம் படாமல் ஷெட்டில் நிற்கட்டும்.

துணியைப் பற்றி ஒன்று. பட்டறையில் கிடைக்கிற பனியன் வேஸ்ட் இதற்கு ஆகாது. மைக்ரோஃபைபர் துணி கீழே விழுந்தால் அதை அன்றைக்கு மறந்துவிடுங்கள். அதன் இழை பிடிக்கிற பிடி அப்படி. எங்கள் வீட்டு வாசலில் ஒருமுறை கைதவறி விழுந்த துணியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ரெண்டு வைக்கோல் துணுக்கு, பொடி மணல், ஊசி மாதிரி ஒரு நெல் மூக்கு. உதறினால் போகவில்லை, விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்தத் துணி அன்றிலிருந்து சக்கரம் துடைக்கப் போய்விட்டது. துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றுகிறோமே அந்த கண்டிஷனர், அதுவும் கூடாது. இழையில் படிந்து துணியின் உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும்.

ஆயுத பூஜை என்று ஒன்று இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால் அடித்து வைத்த பானெட்டில் அம்மா மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைப்பார். சாயம் கலந்த குங்குமம் வெயிலில் கிடந்தால் வெள்ளைப் பெயின்ட்டில் ரோஜா நிறத்தில் தங்கிவிடும். பல வருஷப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. சந்தனம் மட்டும் இன்னும் பானெட்டில்தான். சந்தனத்தில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

வெள்ளை வளையம்

அத்தான் வண்டிக்கு வருகிறேன். போன கோடையில் அவர் வீட்டு வாசலில் ரெண்டு பேருமாகத்தான் அடித்தோம். கறுப்பு வண்டி, அடித்து முடித்ததும் வேப்பமரத்து இலை ஒவ்வொன்றும் பானெட்டில் தெரிந்தது. மறுநாள் அவர் செம்பில் தண்ணீர் ஊற்றி, துளிகள் உருண்டு நிற்பதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். ‘மாப்ள, இனிமே துடைக்கவே வேணாம்ல? தானா உருண்டு ஓடிடும்’ என்று போனில் கேட்டார். துடைக்கத்தான் வேண்டும் அத்தான் என்று சொன்னேன். வீடியோவுக்கு வந்த கைதட்டலில் அது அவர் காதில் விழவில்லை.

அடுத்த தடவை போனபோது வண்டி மாட்டுக் கொட்டகைப் பக்கம் சாத்திவைத்த மாதிரி நின்றது. பானெட், கூரை, டிக்கி என்று படுக்கையாக இருக்கும் இடமெல்லாம் வெள்ளை வளையங்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மிளகு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை, விளிம்பு தடித்து, நடு வெளுத்து, அச்சில் எடுத்த மாதிரி வட்டம். கதவுகளில் அப்படி இல்லை, கீழ் நோக்கி ஒழுகின கோடுகள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றும். அத்தான் போலிச் சரக்கு என்று தீர்ப்பே சொல்லிவிட்டிருந்தார். பட்டறைக்காரர் ஒருவர், தண்ணீர்த் துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துப் பெயின்ட்டைப் பொசுக்கிவிட்டது என்று வேறு சொல்லியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தகட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் துளி குவிக்கிற ஒளி தகட்டைத் தாண்டித்தான் போய்ச் சேரும், தகட்டின் மேலேயே கூராகக் குவியாது. பொசுங்கிய இடம் வெள்ளையாக, விரலுக்குத் தடிப்பாக இருப்பானேன்?

விஷயத்தை உடைத்தது அக்கா. காபி கொண்டுவந்தவள் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, நாங்கள் குனிந்து பார்ப்பதைப் பார்த்து அவளும் குனிந்தாள். நகத்தால் ஒரு வளையத்தைச் சுரண்டி, ‘இது என் குக்கர்ல படியிற உப்புடா தம்பி. போர் தண்ணிக்கு வேற என்ன வரும்?’ என்றாள். குக்கர் அடியில் தண்ணீரோடு எலுமிச்சைத் தோலோ ஒரு துண்டு புளியோ போட்டு அவள் வேக வைப்பது இதற்காகத்தான். அதே வேகத்தில் ஒரு எலுமிச்சை மூடியை எடுத்துக்கொண்டு பானெட்டைத் தேய்க்கக் கிளம்பிவிட்டாள், மடக்கி உட்காரவைக்க வேண்டியதாயிற்று. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து, ஒரு வளையத்தின் மேல் சும்மா வைத்தோம். தேய்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விளிம்பில் பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. பஞ்சை எடுத்தால் வெள்ளை இல்லை. அது இருந்த இடத்தில், வெயிலைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு மங்கல் வட்டம். எல்லா வளையமும் அப்படி இல்லை, பெரும்பாலானவை சுத்தமாகப் போய்விட்டன. ரொம்ப நாள் வெயில் தின்ற சில வட்டங்கள் கிளியர் கோட்டையே லேசாக அரித்திருந்தன. அவற்றுக்கு வினிகர் போதாது, பாலிஷ்தான்.

கடலோரத்துக்கு நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பாவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் செய்தி இல்லை. சாப்பாட்டு உப்பு மட்டும் என்றால் அடுத்த கழுவலில் கரைந்துவிடும். கூடவே கால்சியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது அவை கார்பனேட்டாகப் படிந்து நிற்கும், பிறகு வெறும் தண்ணீருக்கு அசையாது. அமிலத்துக்குத்தான் அசையும். குமிழி விட்டது அதனால்தான். பானெட்டின் மேல் அத்தான் ஊற்றிக் காயவிட்டது தண்ணீர் மட்டும் இல்லை, கரைந்த சுண்ணாம்பும்தான்.

தாமரை இலையும் பானெட்டும்

எனக்கு அதற்கப்புறமும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இதே போர் தண்ணீரில் வருஷக்கணக்காகக் கழுவிய வண்டிதானே, இதற்கு முன்னால் வெள்ளைப் படலம் மாதிரி மங்கியிருக்கிறதே தவிர, இப்படி அச்சு வைத்த மாதிரி வளையம் ஏன் விழவில்லை? விடை அந்த முத்துகளில்தான் இருந்தது. சீலன்ட் இல்லாத பழைய பெயின்ட்டில் தண்ணீர் பரவி நிற்கும். பரவிய தண்ணீர் மெல்லிசாகக் காய்ந்து, அதில் உள்ள உப்பும் எங்கும் மெல்லிசாகவே படியும். சீலன்ட் அடித்த பெயின்ட்டில் தண்ணீருக்குப் பரவ மனம் வராது, தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும். பரப்பில் சிதறியிருக்க வேண்டிய உப்பு முழுவதும் சுண்டைக்காய் அளவுக்குள் அடைபட்டுக் காய்கிறது. போதாததற்கு, காய்கிற துளியின் விளிம்பு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் ஆவியாதல் விளிம்பில்தான் வேகமாக நடக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட உள்ளிருக்கும் தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடும், கரைந்திருப்பதையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே கொட்டும். மேஜையில் சிந்திய காபி ஓரத்தில் தடித்து, நடுவில் வெளுத்துக் காய்வதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழகத்து ராபர்ட் டீகனும் கூட்டாளிகளும் இதை 1997-ல் விளக்கினார்கள்.

அதே 1997-ல்தான் ஜெர்மனியின் தாவரவியல் அறிஞர்கள் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் தாமரை இலை ஏன் அழுக்காவதில்லை என்று எழுதினார்கள். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், மேட்டின் மேல் மெழுகுத் துகள்கள். துளி அதன் நுனிகளில் மட்டும் தொட்டு நிற்பதால் ஏறக்குறைய முழு உருண்டையாகிவிடும், இலையைத் தொடும் கோணம் 150 டிகிரியையும் தாண்டும். அந்தத் துளி நிற்காது. இலை சற்று அசைந்தாலே உருண்டுவிடும், உருளும்போது தூசியையும் ஒட்டிக்கொண்டு போய்விடும். எங்கள் ஊர்க் குளத்தில் குனிந்தவர் எல்லாம் இதைப் பார்த்திருக்கிறோம். தாமரை இலைத் தண்ணீர் என்று ஒட்டாத உறவுகளுக்கு உவமை சொல்லியே பழகியவர்கள் நாம்.

பாட்டில் விற்பவர்களும் தாமரை இலையைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் நாம் கையால் அடிக்கிற சீலன்ட்டில் கோணம் 100, 110 டிகிரி பக்கம்தான் வரும். அந்த அளவில் துளி உருண்டையாகத் தெரியும், ஆனால் உருளாது. சாய்வான கதவில் வழிந்துவிடும், படுக்கையான பானெட்டில் உட்கார்ந்துகொள்ளும். அத்தான் வண்டியில் கதவுகள் தப்பித்ததும் பானெட்டும் கூரையும் மாட்டிக்கொண்டதும் இதனால்தான். அழுக்கைக் கொண்டுபோவது ஓடுகிற துளி. நிற்கிற துளி அழுக்கையும் சுண்ணாம்பையும் ஓரிடத்தில் வைத்துவிட்டு, தான் மட்டும் ஆவியாகிவிடும். படத்தில் நாம் ரசிப்பது இந்த நிற்கிற துளியைத்தான்.

இதனால் சீலன்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூச்சிக்கும் எச்சத்துக்கும் சாம்பலுக்கும் அது செய்கிற வேலையை என் வண்டியில் பார்க்கிறேன். என் வாதம் எல்லாம் அந்தச் செம்புத் தண்ணீர்ச் சோதனையைப் பற்றித்தான். இப்போது கடையில், முத்தாக நிற்காமல் தண்ணீரை மொத்தமாகத் தாள் மாதிரி வழியவிடுகிற வகையும் வருகிறது. வீடியோ எடுத்தால் எடுபடாது, அதனால் அதை யாரும் புகழ்வதில்லை. உப்புத் தண்ணீர் ஊருக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

எந்தத் தண்ணீர்

ஆகவே இப்போது என் கவலை எல்லாம் பாட்டிலை விட்டுவிட்டுத் தண்ணீர் மேல் திரும்பிவிட்டது. குழாயில் வரும் கொள்ளிடத்துத் தண்ணீரில் கழுவலாம், எங்கள் வீட்டுப் போரைவிட அது எவ்வளவோ தேவலை. ஆனால் அக்கா வீட்டுப் பக்கம் குடிதண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கிற நாளில் அதை எடுத்து வண்டி மேல் ஊற்ற எனக்குக் கை வராது. குளத்துத் தண்ணீர் மென்மையானதுதான், கலங்கலில் இருக்கும் மண் வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. மிஷின் கழித்துவிடுகிற தண்ணீரை வீணாக்காமல் வண்டி கழுவுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. உப்பைப் பிரித்து ஒதுக்கிய தண்ணீர் அது, போர் தண்ணீரைவிட மோசம். மாடி துடைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது ரெண்டு. ஒன்று மழை. 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானபோது மாடியிலிருந்து போட்ட குழாய் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அது மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு நீல பீப்பாய் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தின் முதல் மழை மாடித் தூசியோடு வரும், அதை விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்து, வலைத்துணி கட்டி மூடிவைத்தால் தை வரைக்கும் கடைசி அலசலுக்கு ஓடும். மூடாமல் வைத்தால் கொசுதான் மிஞ்சும். இன்னொன்று ஏசித் தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குகிற தண்ணீர், கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. சித்திரை ராத்திரியில் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு ஒரு ஏசி விடிவதற்குள் பாதி வாளியாவது நிரப்பிவிடும். கழுவல் எல்லாம் போர் தண்ணீரில்தான், அதற்கு வேறு வழி இல்லை. அது காய்வதற்கு முன்னால் கூரையிலிருந்து கீழாக இந்த மென்தண்ணீரை ஒரு அலசு, உடனே பெரிய துணியைப் பானெட்டில் விரித்து இழுத்து ஈரத்தை எடுத்துவிடுவது. ஒரு வாளிக்குள் மொத்த வண்டியும் முடிந்துவிடும். இதைத் தொடங்கிய பிறகு வளையம் விழுந்ததில்லை.

பாட்டிலில் ஆறு மாசம் தாங்கும் என்று போட்டிருக்கிறது. அது எந்த ஊர் ஆறு மாசம் என்று போடவில்லை. நான் புரட்டாசியில் ஒரு தடவை, சம்பா அறுப்பு முடிந்து தூசி அடங்கிய பங்குனியில் ஒரு தடவை அடிக்கிறேன். இடையில் பூச்சி லேசாகக் கழுவலுக்கு வராமல் ஒட்ட ஆரம்பித்தால் மூக்கில் மட்டும் ஒரு கை. துளி உருள்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். பூச்சி எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா கண் முன்னால் குமிழி விட்டதைப் பார்த்த பிறகும், நல்ல சரக்காக இருந்தால் உப்பையும் ஒட்டவிடாது என்பதுதான் அவர் வாதம். போன வாரம் போன் செய்தார். திருச்சியில் ஒரு கடையில் வண்டியை மூன்று நாள் விட்டால் ஒரிஜினல் செராமிக் கோட்டிங் போட்டுத் தருகிறார்களாம், பல ஆயிரம் ஆகுமாம், மூன்று வருஷம் கேரன்டியாம். தண்ணீர் ஊற்றிக் காட்டுகிற வீடியோவையும் அனுப்பியிருந்தார். துளி என்னமாய் நிற்கிறது! போட்டுக்கொண்டு வாருங்கள் அத்தான், நல்ல பொருள்தான் என்றேன். வரும்போது திருச்சியிலேயே ஒரு பீப்பாயும் வாங்கிவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். பின்னாலிருந்து அக்கா பதில் சொல்வது போனில் கேட்டது.